ஐந்து முடிச்சு தூரம்

அக்கா படித்த கல்லூரியின் முதல்வர் ஒரு கோழை. நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று வாசலில் பலகை மாட்டினார். கண்ணெதிரே விற்றதைப் பார்த்துக்கொண்டே தினமும் காரில் போனார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அக்கா அங்கே மூன்றாம் ஆண்டு, அண்ணன் முதலாம் ஆண்டு. அண்ணன் சட்டையில் சிகரெட் வாடை அடித்த அன்று அப்பா அவனை அடித்தார். அக்கா, "எங்கடா வாங்கின?" என்று மட்டும் கேட்டாள்.

"காலேஜ் வாசல்லதான்க்கா. கிளாஸ் முடிஞ்சா எல்லாரும் அங்கதான் நின்னுக்கினு இருப்பாங்க."

எங்களுடையது தறி வீடு. ஆறு கஜம் ஒரு சேலை. அக்கா நீளமான கயிறு ஒன்றில் ஒரு சேலை நீளத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டாள். நூறு கஜத்துக்குப் பதினாறு முடிச்சு, கொஞ்சம் மிச்சம்.

மறுநாள் கல்லூரி விடும் நேரத்தில் என்னைப் பலகையடியில் நிறுத்தி ஒரு முனையைக் கொடுத்தாள். மறுமுனையோடு சிகரெட் விற்ற பெட்டிக்கடையை நோக்கி நடந்தாள். ஐந்தாவது முடிச்சிலேயே கடை வந்துவிட்டது.

கடைக்காரர் சிரித்தார். "கயிறு இழுத்தா நீளும்மா. தறிக்காரர் பொண்ணு, இதுகூடவா தெரியாது?"

"நீளட்டும்ணா. முப்பது கஜம் நூறு கஜமா நீளுமா? அப்படி ஒரு நூல் இருந்தா குடுங்க, எங்கப்பா ஒரே பாவுல ஊருக்கே சேலை நெய்வாரு."

சுற்றி நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அண்ணனும் இருந்தான். கையிலிருந்ததைக் கீழே போட்டு மிதித்தான். நேராக என்னிடம் வந்தான்.

"கை வலிக்குதா? குடு, நான் பிடிச்சுக்கறேன்."

இன்னும் இரண்டு பேர் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். பதினாறு முடிச்சும் முடிந்தபோது அக்கா பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நின்றாள்.

அந்த வாரமே கடையில் சிகரெட் இல்லாமல் போனது. அண்ணன் முழுதாக விடுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. ஆனால் விட்டான். அக்காவைப் போல ஒரு துணிச்சல்காரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

கயிறு பிடித்து அளந்த இரண்டாம் நாள் அக்கா கல்லூரி முத்திரை குத்திய ஒரு தாளோடு வந்தாள். "பரிசாக்கா?" என்றேன். "ஆமாண்டி" என்றாள். தெரு முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். வாசலில் கலாட்டா செய்ததாகப் பத்து நாள் அவள் கல்லூரிக்கு வரக்கூடாது என்று முதல்வர் போட்ட உத்தரவு அது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல்வர் ஐயா, ஓய்வு பெற்ற பிறகு புகையிலை ஒழிப்புக் கூட்டங்களில் பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில், எல்லா மாணவர்களுக்கும் கேட்கும்படி, மைக்கிலேயே சொல்லுங்கள்: என் அக்கா செய்த குற்றம் என்ன?