செருப்போடு நுழையலாம்

பிளாரன்ஸ் நகரத்தைப் பற்றி யாராவது என்னிடம் ஆகா ஓகோ என்று பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த ஊரில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான். மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சோதனைக் குழாய்களோடு மல்லுக்கட்டும் வேலை. ஊர் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அழகை என் அம்மா பார்க்கவில்லை, அப்பா மட்டும்தான் பார்த்தார். அதை நினைத்தால் அந்த ஊரின் சிலையும் பாலமும் எனக்கு வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

எங்கள் கிராமம் திருவிடைமருதூருக்குப் பக்கம். அப்பா பண்ணையாளாக இருந்தவர். அவருடைய வாலிபத்தில் மிராசுதார் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் நடவுக்கு இறங்க மாட்டோம் என்று செங்கொடி நட்டு உட்கார்ந்த வருடம், அப்பா புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தார். பிடித்துத் தென்னை மரத்தில் கட்டி, அதே செருப்பால் அடித்தார்கள். கட்டை அவிழ்த்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்தச் செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு அதே தெரு வழியாகவே வீட்டுக்கு வந்ததுதான். அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலைத் தவிர வேறு எந்த வாசலிலும் அவர் செருப்பைக் கழற்றியதில்லை.

சாமி வாசலிலும் கழற்றவில்லை. அம்மாவுக்கு அவர் மேலிருந்த ஒரே குறை அதுதான்.

அவர்களுடையது சீர்திருத்தக் கல்யாணம். ஆட்சி மாறி அதற்குச் சட்டமும் வந்திருந்த காலம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மைக்செட்டும் தலைவர் ஒருவரின் பேச்சும் மட்டும்தான். பேச்சு முடிவதற்குள் சாம்பார் ஆறிப்போய்விட்டது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஜோடியாக மகாலிங்க சுவாமி கோயிலுக்குப் போனார்கள். கோபுர வாசலில் அப்பா நின்றுவிட்டார்.

"நீ போயிட்டு வா. கழட்டச் சொல்ற எடத்துக்கு நான் வரமாட்டேன்."

புதுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அதே நாளில் போனாள். அப்பாவின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வாள். வீட்டுக்காரர் வரவில்லையா என்று குருக்கள் கேட்பார், வெளியில் நிற்கிறார் என்பாள். அப்பா எதிர்த்த டீக்கடையில் செருப்புக் காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மா வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசுவாள். அதற்கு மட்டும் குனிந்து கொடுப்பார். தேர் தெருவுக்கு வந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். வேளாங்கண்ணிக்குக்கூட ஒரு தடவை அழைத்துப்போய்ப் பார்த்தாள். அங்கேயும் நம் ஜனங்கள் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள்.

நான் வளர்ந்தபிறகு அவளுக்காக அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அம்மாதான் என்னை அடக்கினாள். "அவருக்குப் பட்ட அடி எனக்குப் படல. பேசாம இரு" என்றாள். ஆனாலும் ஆசை போகவில்லை. கட்டினவரோடு சாமி முன்னால் ஒரு தரம் சேர்ந்து நிற்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். நகை கேட்டிருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பிளாரன்ஸுக்குப் போன புதிதில் ஒருநாள் பெரிய தேவாலயத்தை போனில் அவளுக்குக் காட்டினேன். மேலே விதானம் முழுக்க ஓவியம். அவள் அதைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"என்னடி, எல்லாரும் ஷூவோட நிக்கிறாங்க?"

"இங்க கழட்ட வேணாம்மா. அப்படியே உள்ள வரலாம்."

உடனே வீட்டுக்குள் திரும்பி அவள் கூப்பிட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏங்க, இங்க வாங்களேன். இந்த சாமி செருப்பக் கழட்டச் சொல்லாதாம்!"

அப்பா சிரித்தார். "அப்ப போவலாம்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதே போதும், அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மாதா நமக்கு உறவுதான், வேளாங்கண்ணியில் இருப்பவள்தானே என்று தெருவுக்கே சொன்னாள். பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கூடப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். பாஸ்போர்ட் வந்தது. டிக்கெட்டும் போட்டேன். தை அறுவடை முடிந்த வாரம் கொல்லைப்புறத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் வந்து சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. மறுநாள் போய்விட்டாள்.

சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு கரையேறிய அப்பா, அன்று பேசிய ஒரே வார்த்தை, "டிக்கெட்ட கேன்சல் பண்ணாத. நான் வரேன்" என்பதுதான்.

வந்தார். வேட்டி, ஸ்வெட்டர், சாக்ஸ், அதன்மேல் கும்பகோணத்தில் வாங்கிய தோல் செருப்பு. குளிருக்கு ஷூ வாங்கித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டினேன். அதைத் தவிர எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தையில் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து ஒன்றைக் கடித்தார். குண்டு குண்டாக இருக்கும் இத்தாலி அரிசி. "கஞ்சிக்கு ஆவும். ஒங்கம்மா இருந்தா ஒரு படி வாங்கி வடிச்சுப் பாத்திருப்பா" என்றார். தோல் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் பெல்ட்டையும் பையையும் தடவிப் பார்த்தார். பிரபலமான அந்த அம்மணச் சிலைக்கு முன்னால் கூட்டம் வாயைப் பிளந்து நிற்க, இவர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒங்கம்மா இருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டா" என்றார். பழைய பாலத்தின் இரண்டு பக்கமும் நகைக்கடைகள். அங்கே ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எதைக் காட்டினாலும் அது அம்மா பார்க்காத ஒன்றாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பெரிய தேவாலயத்துக்கு வரமாட்டேன் என்றார். வரிசையும் சோதனையும் பிடிக்கவில்லை. அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மாதா கோயிலுக்கு அழைத்துப் போனேன். முகப்பு வெறும் மொட்டைச் சுவர். முன்னால் சதுக்கத்தில் காலைச் சந்தை கலைந்துகொண்டிருந்தது. காய்கறிக்காரர்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியேறி நான் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அப்பா படியிலேயே குனிந்து நின்றிருந்தார்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வேணாம்பா. இங்க போட்டுக்கிட்டே வரலாம்."

"தெரியும்."

"பின்ன ஏன்?"

"ஒங்கம்மாவோட வந்திருக்கேன். அவ செருப்போட வரமாட்டா, பாப்பா."

சாக்ஸையும் உருவி மடித்து, செருப்புக்குள் செருகி, ஊர்க் கோயில் வாசலில் எல்லோரும் செய்வது போல இரண்டையும் படி ஓரமாகச் சேர்த்து வைத்தார். என் அப்பா செருப்பைக் கழற்றி வைக்கும் வாசல் இப்படி ஒரு ஊரில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

உள்ளே பளிங்குத் தரை ஐஸாகச் சில்லிட்டது. அவர் வெறுங்காலோடு தூண் தூணாக நடந்து ஒரு ஓவியத்தின் முன்னால் நின்றார். நடுவில் குழந்தையோடு மாதா. கீழே இந்தப் பக்கம் ஒரு ஆணும் அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் கைகூப்பி மண்டியிட்டிருந்தார்கள்.

"அந்த ரெண்டு பேரும் யாரு?"

"காசு குடுத்து வரைய வச்சவங்கப்பா. புருஷன் பொண்டாட்டி."

அப்பா கைகூப்பவில்லை. இடது பக்கம் ஓராள் நிற்கும்படி இடம் விட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. பின்னாலேயே நின்று அழுதேன். அவர் அழவில்லை, கண்ணைக் கூடச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "வா" என்றார்.

வெளியே வந்தோம். சந்தை இருந்த சுவடே இல்லை, சதுக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். படி ஓரம் சுத்தமாக இருந்தது. செருப்பைக் காணவில்லை. குப்பை வண்டி அதோ மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் கத்திக்கொண்டே ஓடினேன், கையை ஆட்டினேன். வண்டி போய்விட்டது. கோயில் வாசலில் யாராவது செருப்பை விடுவார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கிழிந்த சாமான் என்று வாரிக்கொண்டு போயிருப்பார்கள்.

திரும்பி வந்து, பக்கத்திலேயே கடை இருக்கிறது, இப்போதே ஒரு ஜோடி வாங்கிவிடலாம் என்றேன். வேண்டாம், நடக்கலாம் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அந்த ஊரின் பழைய பிரபுக்கள் கட்டிய மாளிகைத் தெருவைக் கடக்க வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி போட்ட கல் வீடுகள். கீழே வரிசையாகச் செருப்புக் கடைகள், கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு அடுக்கிய ஷூக்கள். அந்தத் தெருவில் என் அப்பா வெறுங்காலோடு நடந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரில் எதைச் செய்ய மாட்டேன் என்று அடிபட்டாரோ, அதையே இங்கே வந்து யாரும் கேட்காமல் செய்கிறாரே!

"அப்பா, ப்ளீஸ். ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க. எனக்காக."

அவர் நின்றார். ஈரத்தில் பாதம் வெளுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கழட்டுனா உசுரு போயிரும்னு இருந்தேன் பாப்பா. இப்ப கழட்டுனேன். ஒண்ணும் ஆவல. ஒண்ணுமே ஆவல."

"நீங்க அன்னிக்குக் கழட்டாம நின்னதாலதானப்பா இன்னிக்கு நான் இந்தத் தெருவுல ஷூ போட்டு நடக்குறேன்."

மனதாரத்தான் சொன்னேன். அது உண்மையும்கூட. அப்பாவும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அது ஒனக்கு ஆச்சு. அவளுக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இடது பக்கம் ஓராள் இடம் விட்டேதான் நடந்தார்.