மலையில் நான் வெட்டச் சொன்ன குட்டை

ஐப்பசி மாதம், காலை ஆறரை மணி. ஆரப்பாளையத்திலிருந்து வந்த கொடைக்கானல் பஸ்ஸில் வாடிப்பட்டியில் ஏறினேன். சுற்றிப்பார்க்கப் போகவில்லை. முந்தின நாள் என் மனைவியின் தம்பி முருகேசன் போன் செய்து, "குட்டைக்குப் பக்கத்துல தரை விரிஞ்சிருக்கு மச்சான், கை நுழையுது" என்றான். மேல்மலையில் புல்வெளியை ஒட்டி நிலம் வாங்கிப் பூண்டு போட்டிருக்கிறான். சரிவின் உச்சியில் மழைநீருக்குக் குட்டை வெட்டச் சொன்னவன் நான்தான். ஓரமாக இருந்த வடிகாலை மூடி இன்னொரு பாத்தி போடச் சொன்னதும் நான்தான். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் அதை மறித்துத் தேக்கும்வரை எங்கள் ஊர்க்காரனுக்கு இருப்புக்கொள்ளாது.

வத்தலக்குண்டில் டீ பதினைந்து ரூபாய், வெந்நீர்தான். ஒன்பதரைக்குக் கொடைக்கானல். அங்கிருந்து ஜீப்பில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் இரண்டு இடங்களில் மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது.

"மழையினாலயா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"மழை மட்டுமாண்ணே? புல்லைச் செதுக்கிட்டுச் சரிவை வெட்டுனா மண்ணை எது பிடிச்சு நிக்கும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். குட்டையைச் சுற்றி வளைந்து இருபதடிக்கு விரிசல். நேர் கீழே, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ராசாத்தியும் அவள் கணவரும் இரண்டு மாடுகளுடன் இருக்கும் வீடு. அதன் பின்சுவரோரம் கலங்கல் நீர் கசிந்தது.

"அம்புட்டுத் தண்ணியும் உள்ள இறங்குதுண்ணே. அடியில பாறை. ஊறுன மண்ணு அதுமேல வழுக்கிட்டு வந்துரும். இங்க தண்ணிய நிப்பாட்டக் கூடாது, ஓரமா அனுப்பிவிடணும். போன வருசமே உங்க மச்சினன்கிட்டச் சொன்னேன்" என்றாள் ராசாத்தி.

முருகேசன் என்னைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "கரையை வெட்டிவிடுவோம் மாப்ள" என்று மண்வெட்டியை எடுத்தேன்.

"வெட்டுனா மொத்தமும் என் வீட்டு மேலதான் வரும்!" என்று கத்தினாள்.

அதன்பிறகு அவள் சொன்னதைத்தான் செய்தோம். முதலில் மாடுகளையும் சாமான்களையும் எதிர்மேட்டில் இருந்த அவள் தங்கை வீட்டுக்கு ஏற்றினோம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ்களில் நீர் நிரப்பி, ஒரு முனையைக் குட்டையில் போட்டு, மறுமுனைகளைப் பக்கத்துப் பள்ளத்து ஓடையில் இறக்கிவிட்டோம்; தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு ஓடியது. விரிசலைத் தார்ப்பாயால் மூடினோம். நான் மூடச் சொன்ன வடிகாலை நானே தோண்டினேன். நாலரைக்குக் குட்டையின் அடிச்சேறு தெரிந்தது. ஐந்து மணிக்கு மழை பிடித்தது. எல்லோரும் எதிர்மேட்டிலேயே தங்கினோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது குட்டையின் கரை இறங்கிப்போயிருந்தது. சரிந்த மண் ராசாத்தி வீட்டின் பின்சுவரை இடித்து, அடுப்படியில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. தண்ணீரும் சேர்ந்து வந்திருந்தால் வீடே இருந்திருக்காது. ராசாத்தி குனிந்து பாத்திரங்களைத் தோண்டி எடுத்தாள்.

"மழை விடட்டும். சுவத்த நீங்க ரெண்டு பேரும் கட்டித் தரணும். மேல புல்லையும் நட்டுட்டுப் போங்க" என்றாள். தலையாட்டினோம்.

மாலை ஐந்தரைக்கு வாடிப்பட்டியில் இறங்கி ஊருக்கு நடந்தேன். கண்மாய் நிரம்பி, உபரி நீர் கலுங்கு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல அதை மறித்து ஆட்கள் மணல்மூட்டை அடுக்கினார்கள்.

"அண்ணே, ஒரு கை பிடிங்க. இன்னும் ஒரு சாண் தண்ணி நிக்கும்!"

வருடா வருடம் முதல் மூட்டையைத் தூக்குகிறவன் நான். அன்றும் ஒரு முனையைப் பிடித்தேன். ஆனால் தூக்கவில்லை.

"கரைக்குக் கீழ யாரு வீடு இருக்கு?" என்று கேட்டேன்.

இத்தனை வருடத்தில் அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை.