பாக்கி வேண்டாம், கையெழுத்துப் போதும் என்றார்கள்

அன்று கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் மருத்துவமனை அறையில் இருந்தது நான், என் மனைவி, பிறந்து நான்கு நாளான மகள், மேனேஜர், பக்கத்துக் கட்டில் கரியாலூர் அக்கா. பிரசவத்தில் பிடித்து இழுத்ததில் குழந்தையின் வலது கை அசையவில்லை.

"பாக்கி எட்டாயிரம் வாணாம். இதுல கையெழுத்து போட்டுட்டு வூட்டுக்குக் கெளம்புங்க," என்றார் மேனேஜர். ஆறாவதோடு நின்ற நான் கும்பிட்டுப் பேனாவை வாங்கினேன்.

"சும்மான்னதும் கும்புடுறியே தம்பி, இன்னா எழுதிக்கீதுன்னு பாத்தியா?" என்று அக்கா தாளைப் பிடுங்கிப் படித்தார். "கை பொறவியிலயே அப்டியாம். நீ எங்கயும் புகார் குடுக்க மாட்டியாம்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். கோர்ட்டில் உள்ள இலவசச் சட்ட உதவி மையத்தில் சொன்னபடி, சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேட்டு வாங்கி, நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது படித்துச் சொல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. பாக்கி வைத்தவன் பேச்சு எடுபடாதோ என்ற பயத்தில், அந்த எட்டாயிரத்தைக் கரும்பு வெட்டும் கூலியிலிருந்து மருத்துவமனைக்குக் கட்டி வருகிறேன். இன்னும் மூவாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி இருக்கிறது.