மழை லீவுக் கடல்

ஊர் சுற்றப் போவோம் என்று பேச்செடுத்தால் என் நண்பர்கள் முதலில் போனில் வானிலையைத்தான் திறப்பார்கள். சனிக்கிழமைக்கு நேரே மஞ்சள் சூரியன் இருந்தால் ஒரே கூச்சல். மேகமும் மூன்று துளியும் இருந்தால், 'அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்று முகம் சுருங்கிவிடும். எனக்கோ அந்த மூன்று துளியைப் பார்த்தால்தான் கால் பரபரக்கும். கடலையும் மழையையும் என் மண்டைக்குள் யாரோ சேர்த்துத் தைத்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, எங்கள் மாமாதான்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அதுவரை கடலைப் பார்த்ததில்லை. என் வகுப்பில் ஒருத்தி திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து, சந்தனம் காயாத மண்டையை ஆட்டி ஆட்டி, அலை எப்படி எழும்பும் என்று இரண்டு கையாலும் காட்டினாள். அன்றைக்குத் தொற்றியது.

அம்மாவும் அத்தையும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அம்மாவின் தம்பியான மாமா, திருத்தங்கல் அச்சகம் ஒன்றுக்குக் குட்டியானை வண்டி ஓட்டினார். அட்டைப்பெட்டி லோடு. அப்பா லாரியில் வடக்கே போனால் தீபாவளிக்குத்தான் திரும்புவார். தீபாவளி சீசனில் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. சீசன் முடிந்து அம்மா ஓய்ந்து உட்காரும்போது மாமாவுக்குக் காலண்டர் சீசன் தொடங்கிவிடும். ஆக, எல்லோருக்கும் ஒன்றாக லீவு விடுகிற அதிகாரி ஒருவர்தான். மழை. மழை பெய்தால் வெடி காயாது, கம்பெனி லீவு. அட்டை நனையும், லோடும் கிடையாது.

இந்தச் சூட்சுமத்தை மாமா கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு அவர் பெரிய விஞ்ஞானியாகத் தெரிந்தார்.

“மழ லீவு விடட்டும் மருமகளே. வண்டிய எடுத்தா நேரா வேம்பாரு. அங்கன கடலப் புடிச்சோம்னா மணப்பாடு வரைக்கும் விடக்கூடாது.”

அம்மா கையில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். “சும்மா கெடலே. வேல இல்லேன்னா கூலி ஏது? சீசன் நேரத்துல மழையக் கூப்புடுதான் பாரு, கூறுகெட்டவன்.”

ஆனாலும் பொழுது சாய்ந்து எல்லோரும் வாசலில் உட்கார்ந்தால் பேச்சு தானாகக் கடற்கரைக்கு நகர்ந்துவிடும். தினம் ஒரு இடம் கூடும். அத்தைக்கு வேம்பார்ப் பனைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதனீர் குடிக்க வேண்டும்.

“ஐப்பசியில எவன்டி பதனி எறக்குவான்? கருப்பட்டி வேணா வாங்கி நக்கிட்டு வா,” என்பார் மாமா.

“ஏன், ஒங்களுக்காக எறக்க மாட்டாகளோ? அம்புட்டுப் பெரிய ஆளுல்ல நீக,” என்பாள் அத்தை.

என் அக்கா மாமாவின் போனில் வரைபடத்தை விரித்து, கலங்கரை விளக்கம் எங்கே என்று தேடுவாள். அவள் விரல் நகர நகர நீலம் பெருகிக்கொண்டே போகும். அம்மாவிடம் கேட்டோம். “எங்கனயாச்சும் வேல வெட்டி இல்லாம அர மணி நேரம் சும்மா உக்காந்தாப் போதும்,” என்றாள். அதுவும் ஒரு ஊர் என்று நினைத்து, அது வேம்பாருக்கு முன்னாலா பின்னாலா என்று அக்காவிடம் விசாரித்தேன்.

படுத்த பிறகு அந்தச் சாலை என் போர்வைக்குள் ஓடும். ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் தண்ணீர். குட்டியானை மெல்லத் தரையை விட்டு எழும்பி அலைமேல் போகும். விடிந்து வாசலுக்கு ஓடி அண்ணாந்தால் எங்கள் ஊர் வானம், துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி. மேகம் வேண்டும் என்று கேட்காத சாமி இல்லை.

ஒரு நாள் கேட்டது. அடைமழை. முதல் நாள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடியும்போது மாமா வந்து ஹாரன் அடித்தார்.

“வீட்ல உக்காந்து மொறச்சா மட்டும் மழ விட்ருமாக்கா? ஏறு.”

“வாங்க மதினி, புள்ள ஆசப்படுதுல்ல,” என்றாள் அத்தை.

வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய்க் கூடாரம், கீழே பெட்டி அட்டை மெத்தை. பசை வாசமும் மழை வாசமும் கலந்து கண்ணைச் சொக்கியது. சாத்தூர் தாண்டியதும் தெரியாது, விளாத்திகுளம் தாண்டியதும் தெரியாது. வேம்பாரில் தார்ப்பாயை விலக்கினால் வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. போன ஜென்மத்தில் பார்த்த இடம் மாதிரி இருந்தது. பதனீர் இல்லை. அத்தை நனைந்த பனையடியில் நின்று நிஜமாகவே கருப்பட்டியைக் கடித்தாள்.

தூத்துக்குடிக்கு முன்னால், எங்கள் திட்டத்திலேயே இல்லாத ஓரிடத்தில் டீக்கு நிறுத்தினார் மாமா. சுற்றிலும் உப்பளம். உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். கடை ஓரத்தில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“மழைக்கு லீவாக்கா?” என்று அம்மாதான் ஆரம்பித்தாள்.

“பாத்தியெல்லாம் தண்ணி. இனி எங்க உப்பு வார? நீங்க எந்த ஊரு?”

“சிவகாசிப் பக்கம். வெடி வேல.”

“அடக் கடவுளே,” என்று சிரித்தாள் அந்தப் பெண். அம்மாவும் சிரித்தாள். பிறகு இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள் மாதிரி ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். நான் சேலையைப் பிடித்து இழுத்தபடியே நின்றேன். அலை எனக்காகக் காத்திருக்குமா? அம்மா சும்மா உட்காரக் கேட்ட அரை மணி நேரத்தை அங்கேயே தீர்த்துவிட்டாள்.

மணப்பாடு போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாக மெலிந்திருந்தது. அக்கா கலங்கரை விளக்கம் பார்க்க மேட்டில் ஏறினாள். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் என்னைத் தூக்கித் தூக்கி இறக்கினார். வகுப்புத்தோழி கையால் காட்டியது பொய். இது அதைவிடப் பெரிது, அதைவிட மெதுவானது; மூச்சு விடுகிற ஒன்று. இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தால் அம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். “கடலப் பாரும்மா!”

“பாத்துட்டேன்டி. நீ பாரு,” என்றவள் மறுபடியும் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டாள். பனைகளுக்கு மேலே, வடமேற்கே, மேகத்தின் அடியில் ஒரு கீற்று வெளிச்சம் விட்டிருந்தது. சட்டென்று என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

“அங்கன வெளுக்குது பாத்தியா? நம்மூருப் பக்கம்.”

மூன்று நாளாகப் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில். கடைசியில் அம்மாவுக்கும் இந்த இடம் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே குதூகலம். இப்படிச் சிரிக்கிறவளை நாளைக்கும் இங்கே கூட்டி வர வேண்டாமா? வானத்தைப் பார்த்துக் கை கூப்பி, கடல் சத்தத்துக்கு மேலே கத்தினேன்: “சாமீ, தீவாளி வரைக்கும் மழ பெய்யணும்!”

அம்மா என் வாயைப் பொத்தினாள். மணல் ஒட்டிய கை, உப்புக் கரித்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விரல் இடுக்கில் வாயை வைத்து, சிரிக்கச் சிரிக்க, அதையே இன்னும் சத்தமாகக் கேட்டேன்.