ஹைட்ரில்லாவும் எஜீரியாவும் என் கீழுதடும்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே எனக்கு வேலை போகும் நிலை வந்தது. உழவர்கரையில் ஒரு வண்ண மீன் கடை. முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் சேதராப்பட்டில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போட்டேன்.

கடையில் மீன்தொட்டிக்குள் போடும் தண்ணீர்ச் செடிகளைக் கட்டிக் கொடுப்பது என் வேலை. ஹைட்ரில்லாவும் எஜீரியாவும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக இலை. ஹைட்ரில்லா நம் ஏரிகளில் தானாகவே கிடப்பது. தொட்டியில் விட்டால் சீக்கிரம் அடைத்துவிடும். எஜீரியா நம் வெயிலுக்கு நிதானமாகத்தான் வளரும். அடுக்குக்கு நாலு இலை என்றால் எஜீரியா, ஐந்து என்றால் ஹைட்ரில்லா என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பிரித்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம்.

ஒரு நாள் பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் மதாம் ஒருவர் ஒரு பை நிறையச் செடியோடு வந்தார்.

"பாய், எஜீரியான்னு குடுத்தீங்க. இப்ப மீன் இருக்குதா இல்லியான்னு டார்ச் அடிச்சுத் தேடுறேன்."

பாய் ஒரு தண்டை விரலிடுக்கில் இழுத்துப் பார்த்தார்.

"சொரசொரன்னு இருக்குது, ஹைட்ரில்லா. எஜீரியா வழவழன்னு போவும். தொட்டுப் பாக்கலியா அந்தோணி?"

"நாலு இலை இருந்துச்சு பாய்."

"ஹைட்ரில்லாவுக்கும் நாலு வரும்யா. நம்ம செடித் தொட்டி மொத்தமும் கலந்து கெடக்குது. மதாம் கெளம்புறதுக்குள்ள பிரிச்சுக் குடு. முடியலன்னா நாளைக்கு வராத."

தொட்டுப் பார்த்தேன். பாலிஷ் போட்டுக் காய்த்துப்போன விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். கன்னத்தில் தேய்த்தேன். மூன்று நாள் தாடி; எல்லாமே சொரசொரத்தது. கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கீழுதட்டில் இழுத்தேன். ஒன்று அரம் போல் உரசியது, அடுத்தது வழுக்கிக்கொண்டு போனது.

"பாய், உங்க ஆளு செடிக்கு முத்தம் குடுக்கிறாரு" என்றார் மதாம்.

காது வரை சுட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் பத்துத் தண்டுகளைக் கலக்கி, "கண்ண மூடுங்க முசியே, சொல்லுங்க" என்றார் பிரெஞ்சு மரியாதையோடு. விரலால் இழுத்துப் பார்த்து ஒன்பதுக்குப் பாயும் தலையாட்டினார். பத்தாவதை நான் ஹைட்ரில்லா என்றேன். பாய் எஜீரியா என்றார். மதாம் அதை வாங்கி, யோசிக்காமல் தன் உதட்டிலேயே இழுத்துப் பார்த்தார். தண்டு முழுக்க லிப்ஸ்டிக்.

"ஹைட்ரில்லாதான். உங்க விரலுக்கு வயசாயிடுச்சு பாய்."

பாய் அந்தத் தண்டை வாங்கி ஹைட்ரில்லாப் பக்கம் போட்டார். பிறகு, "நாளைக்கு வா. ஆனா இந்த வேலைய உள்ள உக்காந்து செய். வர்றவங்க பயந்துடுவாங்க" என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். இலையை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள், தொட்டுப் பாருங்கள். விரல் மரத்துப்போயிருந்தால் உதடு போதும். ஆனால் செடியை முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள். சொரசொரப்பாக இருப்பதெல்லாம் ஹைட்ரில்லா இல்லை, சிலது நத்தை.