முன்கட்டின் குறைகள்

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் பொய் சொல்வதில் ஒரு நாகரிகம் உண்டு. வீடு பிடிக்கவில்லை என்றால் வாடகை கட்டுப்படியாகாது என்பார்கள். வீடு பிடித்து, வீட்டுச் சொந்தக்காரர்களைப் பிடிக்கவில்லை என்றால் வீட்டைக் குறை சொல்வார்கள். எங்கள் முன்கட்டுக்கு வருடக்கணக்கில் இந்த இரண்டாம் வகைக் குறைகளாகவே வந்துகொண்டிருந்தன. அத்தனையையும் என் கணவர் ஒன்றுவிடாமல் சரிசெய்துகொண்டிருந்தார்.

நாங்கள் இருவருமே வயலில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிதில் எங்கள் பக்கமெல்லாம் கூலிச் சண்டையாக இருந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டால் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வரப்பில் நின்று மறித்தார்கள். அப்புறம் போலீஸ், கேஸ், வாய்தா. அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் அவருக்கு அரசாங்க நெல் கிடங்கில் எழுத்தர் வேலை கிடைத்தது. நான் அதற்கு முன்பே திருவாரூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சென்னைக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் தங்கள் ஓட்டு வீட்டை விலைக்கு விட்டபோது, கடனை உடனை வாங்கி நாங்கள் அதை வாங்கினோம்.

முன்கட்டு, பின்கட்டு, நடுவில் ஒரு கிணறு. முன்கட்டை வாடகைக்கு விட்டுப் பின்கட்டில் நாம் இருக்கலாம் என்றார் அவர். கடனை அடைக்க வாடகை உதவும் என்பது ஒரு காரணம். அவர் மனதில் இருந்தது வேறு. இந்த ஊரில் ஒரு குடும்பம், யாராக இருந்தாலும், தெரிந்தே வந்து எங்களோடு ஒரே கூரையின் கீழ் குடியிருக்க வேண்டும். அதை வாய்விட்டு ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. ஆனால் ‘டு லெட்’ பலகையை அவர் துடைத்து மாட்டுகிற விதத்திலேயே எனக்கு அது தெரிந்தது.

முதலில் வந்தது ஒரு பேங்க் கிளார்க்கும் அவர் மனைவியும். அந்த அம்மாள் கூடத்தில் நின்று, “நல்ல காத்தோட்டமா, வெளிச்சமா இருக்குங்க” என்று வாயாரச் சொன்னார். என் கணவருக்கு முகமெல்லாம் பல். கிளார்க் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

“உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?”

இவர் ஊரைச் சொன்னார்.

“அட, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். ஊர்ல எந்தத் தெரு?”

“தெருவுல இல்லைங்க. வாய்க்கா தாண்டி அந்தாண்ட.”

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சாதி என்ற சொல் எங்கள் வீட்டு வாசலில் ஒருநாளும் உச்சரிக்கப்பட்டதில்லை. வாய்க்கால் தாண்டி என்றால் போதும். கிளார்க் மனைவியைப் பார்த்தார், மனைவி கூரையைப் பார்த்தார். “கூடம்தான் கொஞ்சம் இருட்டா இருக்குங்க” என்றார், சற்று முன் வெளிச்சம் என்று சொன்ன அதே வாயால்.

அவர்கள் சந்து திரும்பியதும் நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நான் கொஞ்சம் முன்கோபக்காரி, நாலு வார்த்தை திட்டிவிட்டால் எனக்குத் தெளிந்துவிடும். அவர் அப்படியில்லை. ஒரு விஷயம் உள்ளே போனால் உள்ளேயே கிடக்கும். ஆனால் அவர் நிதானமாக மேலே பார்த்து, “இருட்டாத்தான் இருக்கு இல்ல?” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் நாகப்பட்டினத்திலிருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கண்ணாடி ஓட்டோடு கூரையில் ஏறி, ஒரு சீமை ஓட்டைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தியிருந்தார். செலவு அதிகமில்லை. கூடத்தின் நடுவில் வெயில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்தது.

பாவம், மனுஷனுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்தேன். புரியாமலே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அன்றிலிருந்து என் வேலை அவருக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்வதாக ஆயிற்று. யாராவது போய்விட்டால், “ஆடி மாசத்துல யாரு வீடு மாத்துவா?” என்பேன். ஆடி இல்லாவிட்டால் மார்கழி என்பேன். இரண்டும் இல்லாத மாதத்தில், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பேன்.

அடுத்து வந்தவர் தரை பெயர்ந்திருக்கிறது என்றார். இவர் சிவப்புக் காவி கலந்த சிமெண்டுத் தரை போட்டார். கொத்தனாருக்கு இவரே சித்தாள். தரை காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்னொருவர் துணிமணி வைக்க இடமில்லை என்றார். சுவரில் மாடம் குடைந்து, பலகை அடித்து, அலமாரி ஆக்கினார். ஒரு ரயில்வேக்காரரின் மனைவிக்கு உட்கார்ந்து சமைத்தால் முழங்கால் வலிக்குமாம். கும்பகோணத்தில் ஓரம் உடைந்த கடப்பாக்கல்லை மலிவு விலைக்குப் பிடித்து, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து, நின்றுகொண்டு சமைக்கிற மாதிரி மேடை கட்டினார். மேடைக்கு மேலே ஒரு புகைபோக்கியும் வைத்தார். இன்னொரு பெரியவர் தெற்கு வாசல் எங்களுக்கு ஆகாது என்றார். அதற்கு என்ன செய்ய முடியும்? செய்தார். பக்கத்துச் சந்தைப் பார்த்துக் கிழக்கே ஒரு வாசல் திறந்துவிட்டார்.

அந்த வாசலுக்குக் கதவு வந்த கதையைச் சொல்ல வேண்டும். நில உச்சவரம்பும் பாகப்பிரிவினையுமாகப் பெரிய பண்ணை வீடுகளை அப்போது இடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். என் மாமனார் ஆயுசு முழுக்க ஏர் ஓட்டிய பண்ணையின் வீடும் அதில் ஒன்று. அங்கே போய் ஒரு தேக்குக் கதவை நிலையோடு விலைபேசி, மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஏதாவது பெருமையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “பழைய தேக்கு, செல்லு அரிக்காது” என்றதோடு சரி.

நான் பொறுக்காமல் சண்டை போட்டது அடிபம்பு விஷயத்தில்தான். ஒரு குடும்பம், “கிணறு ரெண்டு கட்டுக்கும் பொதுவாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனது. மற்றவர்கள் சொன்னதெல்லாம் சாக்கு. இது கிட்டத்தட்ட உள்ளதைச் சொன்னதுதான். மறு வாரமே இவர் முன்கட்டுக்கென்று தனியாக ஒரு அடிபம்பு இறக்கினார். எங்கள் ஊரில் பத்து அடியிலேயே ஆற்றுத் தண்ணீர் ஊற்றெடுக்கும், பெரிய வேலையில்லை.

“நம்ம கைபட்ட தண்ணி அவங்களுக்கு ஆகாதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கே. உங்களுக்கு ரோஷமே கிடையாதா?” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் ஐயோ, வாய் தவறிவிட்டதே என்று பதறினேன்.

அவர் பம்பை அடித்துத் தண்ணீர் தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டே, “அவங்க கேட்டது தண்ணி வசதி. குடுத்தாச்சு. அவ்வளவுதான்” என்றார்.

எங்கள் ஆட்களிலேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். கிடங்கில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் கேட்டுக்கொண்டும் இருந்தார். “பலகை எல்லாருக்கும்தானே போட்டிருக்கு. எல்லாரும் பாக்கட்டும்” என்று தட்டிக் கழித்துவிட்டார். முன்கட்டு மெருகு ஏற ஏற, சந்தில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் பின்கட்டில், கரி பிடித்த சுவருக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தோம். ஊதியது நான்தான்.

பிறகு ஒரு தமிழாசிரியர் வந்தார். அவரைத் தெரியாதவர்கள் திருவாரூரில் கிடையாது. ஆளுங்கட்சிக் கூட்டங்களில் பேசுவார். பிறப்பில் உயர்வு தாழ்வு பார்க்கிறவனைக் கடைத்தெரு மேடையில் அவர் கிழித்துத் தொங்கவிட்டதை நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். இவர் கை சிவக்கத் தட்டினார். அப்படிப்பட்டவர் மனைவியோடு எங்கள் சந்துக்குள் நுழைவதைப் பார்த்ததும், இன்றைக்கு முன்கட்டுக்கு விடிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதிலை இவர் சொன்னார். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். கூரையைப் பார்த்தார், வெளிச்சம் கொட்டியது. தரையைப் பார்த்தார், அவர் முகமே தெரிந்தது. அலமாரியைத் திறந்து மூடினார். கிழக்கு வாசலில் போய் நின்றார். பம்பை அடித்தார், பளிங்கு மாதிரி தண்ணீர் வந்தது. அவர் தேடுவது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேடியது கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

என் கணவர் கேட்டார்: “என்ன சார் குறை?”

“குறை ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப எப்ப வர்றீங்க?”

“வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்.”

“வீட்ல இங்கதானே நிக்கிறாங்க” என்றார் இவர்.

அவர் மனைவி அப்போது அடுக்களையில் மேடைக் கல்லைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டார். அந்த அம்மாள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

இவர் உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“மார்கழி வருதில்ல, அதான்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“போதும்மா. எனக்கு முதல் நாளே தெரியும்.”

சொம்பைக் கீழே வைத்தார்.

“அவங்க சொல்ற சாக்கை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வந்தா, கடைசில சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதில்ல? அப்ப என் மூஞ்சிய நேரா பாத்து உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும்? ஒரே ஒருத்தர் வாயில அது வந்தாப் போதும்னு இருந்தேன். அவ்வளவு தமிழ் தெரிஞ்ச மனுஷனுக்கே வரலியே.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைய, தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாக இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் வீண். அதைவிட, நான் எங்கே இருந்தேன் இவர் கணக்கில்?

“ஏங்க, யாரோ ஒருத்தர் வாயைத் திறக்க வைக்கவா இவ்வளவும் செஞ்சீங்க? யாரோ ஒருத்திக்கு முழங்கால் வலிக்கும்னு மேடை கட்டினீங்க. எனக்குக் காலு இல்லையா? புகையில என் கண்ணு போறது தெரியலையா? நல்ல வீட்டைப் பூட்டி வச்சிட்டு, நாம ஏன் அடுப்பங்கரையில கிடக்கணும்?”

நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரிசிப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தேன். அடுத்து அம்மிக்கல்லுக்காக நான் திரும்பி வந்தபோது, அவர் எழுந்து அதைப் புரட்டித் தோளில் வைத்திருந்தார். இருட்டுவதற்குள் கட்டில், டிரங்குப் பெட்டி, சுவரிலிருந்த சிலுவை எல்லாம் முன்கட்டுக்கு வந்துவிட்டன. நிமிர்ந்து நின்று முதல் உலை வைத்தேன். மேடை என் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியரும் மனைவியும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை அந்த அம்மாள் முன்னால் நடந்தார், ஆசிரியர் பின்னால். “இவங்க விடலைங்க” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். “வீடு...”

“ஆள் வந்தாச்சு சார்” என்றார் என் கணவர்.

“யாரு?”

“நாங்கதான்.”

ஆசிரியர் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. மனைவி இழுத்து வந்தாலும் வந்துவிட்டார். வந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. “பின்கட்டு காலியா இருக்கு. வேணும்னா பாருங்க. புகை அடிக்கும், இப்பவே சொல்லிட்டேன்” என்றேன்.

அந்த அம்மாள் புருஷனைக் கேட்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குள் போனார். நாங்கள் மூவரும் பின்னாலேயே போனோம். அடுப்படியில் நின்று சுவரை விரலால் வழித்தார். கரி அப்பிக்கொண்டது. கிணற்றடிக்கு வந்து எங்கள் வாளியை இறக்கி, நீர் இறைத்துக் கை கழுவினார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் கணவரிடம் கறாராகப் பேசினார்.

“இருட்டு பரவாயில்ல, தரையும் பரவாயில்ல. அடுப்படிதான் சகிக்கலைங்க. அங்க இருக்கிற மாதிரி இங்கயும் ஒரு மேடையும் புகைபோக்கியும் வச்சுக் குடுங்க. தை பொறந்ததும் வந்துடறோம். வச்சுக் குடுப்பீங்களா?”

எங்கள் வீட்டைப் பற்றி முதல்முதலாக ஒருவர் சொன்ன நிஜமான குறை அது. குடியிருக்க வருகிறவர் சொல்லும் குறை. எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் கணவரும் துள்ளிக் குதிப்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் கரி படிந்த அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என்னிடம் சொல்வது போலவே அவருக்குப் பதில் சொன்னார்.

“எப்பவோ வச்சிருக்கணுங்க.”