கேசரிக்காக நாலு கோடு

என் அப்பா தச்சு வேலைக்காரர். காரைக்குடியில் பாதி வீட்டுக் கதவு தன் கைக்குத்தான் அடங்கும் என்று பெருமையடிப்பார். 1960-களின் கடைசியில் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்ததும், அந்தப் பெருமையெல்லாம் மூத்திரக் குழாய்க்குள் இறங்கியது. தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. நீலம் வந்த நாளில் குழாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டப் போவார். அந்த மனிதர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார், பாவம்.

ஊசி போடுவது என் வேலை. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்து, டாக்டர் சொன்ன கோடு வரை இன்சுலினை ஏற்றி, தொடையில் போடுவேன். அரை மணி நேரத்தில் அவர் சாப்பிட்டுவிட வேண்டும்.

என்னைப் பெண் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து ஆள் வந்த அன்று, குழாய் நல்ல நீலம். அதற்கு முன் மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. இதுவாவது அமையட்டும் என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாள். எட்டு மணிக்கு அப்பா தொடையைக் காட்டி, "நாலு கோடு கூடப் போடு ஆத்தா. இன்னைக்குக் கேசரி திங்கணும்ல" என்றார். நானும் பெரிய அறிவாளி, போட்டேன்.

எட்டரைக்கு வருகிறோம் என்றவர்கள் வந்தது பத்து மணிக்கு. வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை பெண்ணைப் பெற்றவன் வாயில் எதையும் போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அம்மா இட்லியை நீட்டியபோதெல்லாம், "இந்தா வந்துருவாக" என்று தள்ளிவிட்டார். கடைசியில் சட்டை நனைய வேர்த்துக்கொண்டே பரிமாறினார். கை நடுங்கி, மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் சாம்பாரைக் கொட்டினார். அவர் பதறி எழுந்ததும், "உக்கார்றா கழுதை!" என்று அப்பாவிடமிருந்து ஒரு அதட்டல்.

"காலையிலயே தண்ணியப் போட்டுட்டு நிக்கிறாக. இந்த வீட்லயா பொண்ணு எடுக்குறது?" என்றார் தாய்மாமன்.

வேர்த்து, நடுங்கி, உளறினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே அடக்க ஒடுக்கமாக நிற்க வேண்டிய பெண், ஓடிப் போய் மாப்பிள்ளையின் இலையிலிருந்த கேசரியை அள்ளி அப்பா வாயில் ஊட்டினேன். அம்மா சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குக் கண் தெளிந்தது.

"வந்தவுக சாப்ட்டாகளா?" என்றார்.

வந்தவர்கள் அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார்கள்.

டாக்டர் எங்களை வறுத்தெடுத்தார். "நீலம்னா மூத்திரத்துல சர்க்கரை இல்லை, அவ்வளவுதான். ரத்தத்துல எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. நீலத்துக்கு மேல ஊசியையும் ஏத்திட்டுப் பட்டினி கிடந்தா ஆளு போயிருப்பாரு." அப்படி அவரை அனுப்பியிருக்கக்கூடியது, நாலு கோடு கூட ஏற்றிய என் கை.

மறுநாளிலிருந்து அப்பா ஊசி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். மகள் கல்யாணத்தைக் கெடுத்த ஊசி இனி வேண்டாமாம். மூன்றாம் நாள் குழாய் செங்கல்லாகிவிட்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார், எழுந்து நடக்கவும் தெம்பில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். எனக்கு வந்தது கோபம்தான். சிரிஞ்சோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஒன் வாழ்க்கையக் கெடுத்துட்டேனே ஆத்தா."

"அந்த மாப்பிள்ளை போனா மசுரு போச்சு. நீங்க போனா நான் யாருகூடச் சண்டை போடுறது? வேட்டியத் தூக்குங்க."

அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. வாயைப் பிளந்து பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது. இருமி முடித்துவிட்டு, வேட்டியை ஒதுக்கினார்.